பாஸ்போர்ட் கேட்டவர்களும் பாடம் கேட்டவர்களும்

ஆங்கில ஆசிரியராக வெளிநாடு போக விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி. அடுத்தது விசா. பிறகு சற்றுத் தயங்கி, "இந்தியர்களை எடுப்பார்களா அக்கா?" என்பார்கள். அந்த மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே கிடக்கிறது.

எடுப்பார்கள். ஆனால் எல்லா நாட்டிலும் எடுக்க மாட்டார்கள். தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம், ஆசிரியர் தகுதிச் சான்று உள்ள இந்தியர்களுக்கு ஒரு சிறிய வழி திறந்தது. அந்த வழியில் போனவர் எவரையும் நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை. ஜப்பானில் பிறந்த நாட்டைவிடப் படித்த மொழிதான் கணக்கு. 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் படித்து முடித்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். எனக்குத் திறந்த நாடு தாய்லாந்து.

அங்கே என்னை முதலில் பேட்டி கண்டவர் ஓர் ஏஜென்ட். காணொளி அழைப்பில் என் முகம் தெரிந்ததும் அவர் குரல் மாறியது. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "பெற்றோர்கள் வெள்ளைத் தோலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழலையர் பள்ளி என்றால் ஒன்று பார்க்கலாம்" என்றார். என் ஆங்கிலத்தைச் சோதிக்க ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை. ஆங்கிலம் கற்பிப்போரின் சர்வதேச அமைப்பான டீசால், தாய்மொழி அடிப்படையில் ஆசிரியர்களைப் பாகுபடுத்துவதைக் கண்டித்து 2006 இலேயே அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் விளம்பரங்களில் ஏழு நாடுகளின் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது பேட்டி வேறு மாதிரி. பாங்காக்கிலிருந்து வடகிழக்கே, இசான் எனப்படும் வடகிழக்குத் தாய்லாந்தின் வாசல் போல இருக்கும் கோராட் நகரத்தில் ஒரு பள்ளி. முதல்வர் ஒரு தாய்லாந்து அம்மையார், ஓய்வுக்கு நெருங்கிய வயது. சான்றிதழ்களை ஒருமுறை புரட்டிவிட்டு, "மாதிரி வகுப்பு ஒன்று எடுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புகிறேன்" என்றார். கடந்தகால வினைச்சொல் பாடம் கேட்டார்.

அந்த வகுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையின் சாரம் அதில் இருக்கிறது. ஆங்கிலக் கடந்தகால விகுதி (-ed) எழுத்தில் ஒன்று, ஒலியில் மூன்று. 'வாக்ட்' (walked) என்பதில் ட் வெறும் காற்றாக வருகிறது. 'பிளேட்' (played) என்பதில் குரல் அதிர்கிறது. 'வான்டட்' (wanted) என்பதில் தனி அசையாகவே நிற்கிறது. தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்யொலிகள் சிலவே. ஸ் நிற்காது, ல் வந்தால் ன் ஆகிவிடும். 'ஃபுட்பால்' அங்கே 'ஃபுட்பான்'. அதனால் பிள்ளைகள் மூன்று சொற்களின் வாலையும் விழுங்கிவிட்டார்கள். விதியைப் பலகையில் எழுதுவதற்குப் பதில், இரண்டு விரல்களைத் தொண்டையில் வைக்கச் சொன்னேன். முதலில் 'ஸ்ஸ்ஸ்', பிறகு 'ஸ்ஸ்' என்பதையே தேனீ இரைவது போல. விரலுக்கடியில் அதிர்வு வந்ததும் முன்வரிசைப் பையன் கண்ணை விரித்துப் பக்கத்தில் இருந்தவன் தொண்டையையும் தொட்டுப் பார்த்தான். அப்புறம் வகுப்பு முழுவதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் எந்த வினைச்சொல்லுக்கு எந்த ஒலி என்று அவர்களே பிரித்துவிட்டார்கள். முதல்வர் பின்வரிசையில் தம் தொண்டையிலும் விரல் வைத்திருந்ததைப் பார்த்தேன். மாலையே வேலை உறுதியாயிற்று.

இந்த வித்தையை எனக்கு எந்த வெள்ளைக்காரரும் சொல்லித்தரவில்லை. கல்லூரியில் ஒலியியல் தாளுக்காக நானே என் தொண்டையில் விரல் வைத்துப் பழகியது. தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு அதிர்வு உண்டா இல்லையா என்று தனியெழுத்து கிடையாது. சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே ஆங்கிலத்தின் ப-வையும் அதன் அதிரும் இணையையும் நாம் உழைத்துத்தான் பிரித்தறிகிறோம். பிறக்கும்போதே அந்த மொழி வாய்த்தவருக்கு இந்தப் படிக்கட்டு இருப்பதே தெரியாது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தவருக்கு எந்தப் படியில் பிள்ளை தடுக்கி விழும் என்று தெரியும். நம்மிடம் இருக்கும் பெரிய மூலதனம் இதுதான். பேட்டியில் இதைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அதைவிட, மாதிரி வகுப்பு கேளுங்கள். மாதிரி வகுப்பு கேட்கும் பள்ளி நல்ல பள்ளி என்பது என் அனுபவத்தில் பொய்த்ததில்லை.

ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிரே செபுவைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவர் இருந்தார். முன்பு வீட்டிலிருந்தபடியே காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு சீனக் குழந்தைகளுக்கு இணையத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிக்கு வெளியே நடக்கும் டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டதும், வெளிநாட்டில் இருந்தபடி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. "நான் நன்றாகக் கற்பித்தேனா என்று யாரும் கேட்கவில்லை, ஒரு நாட்டின் அறிவிப்பு, என் வீட்டு அடுப்பு அணைந்தது" என்றார். டியூஷன் மையங்களை நம்பி வாழ்க்கையைக் கட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இவர்தான் காரணம். நாற்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பைக் குரல் உயர்த்தாமல் அடக்கும் முறையையும் இவரிடமே கற்றேன். வாசலிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி உள்ளே விடுவார். தாய்லாந்துப் பிள்ளைகளின் முழுப்பெயர் நீளமானது, ஆனால் ஒவ்வொருவருக்கும் செல்லப்பெயர் உண்டு. ஐஸ், பேங்க், கோல்ஃப் என்று ஆங்கிலச் சொற்களே பலருக்குச் செல்லப்பெயர். பெயர் தெரிந்த ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் அதிகம் ஆடாது.

அவருக்கும் எனக்கும் மாதம் இருபதாயிரம் பாத் (தாய்லாந்து நாணயம்) அளவில் சம்பளம். அடுத்த மேசையில் இருந்த இங்கிலாந்து இளைஞருக்கு முப்பத்தைந்தாயிரம். அதே வகுப்புகள், அதே மணிகள். அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் இல்லை. ஆனால் நேர்மையானவர், இலக்கணத்தில் ஐயம் வந்தால் தயங்காமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார். ஒருநாள் சம்பளப் பேச்சு வந்தபோது, "இது அநியாயம், நானும் உங்களோடு வந்து முதல்வரிடம் சொல்கிறேன்" என்றார். வந்தார், சொன்னார். அதன் பிறகு எனக்கும் செபு ஆசிரியைக்கும் சம்பளம் உயர்ந்தது. இடைவெளி முழுவதும் மூடவில்லை. தனியார் பள்ளிகளில் இந்த இரட்டை அளவுகோல் பரவலாக இருக்கிறது. போகிறவர்கள் தெரிந்தே போக வேண்டும். கோராட் போன்ற ஊரில் இருபதாயிரத்தில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் ஓரளவு அனுப்ப முடியும். பாங்காக்கில் கையைக் கடிக்கும்.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாய் எழுந்து நேராகவே கேட்டார்: "கட்டணம் வாங்கும்போது வெளிநாட்டு ஆசிரியர் என்றீர்கள். இவர் இந்தியர் அல்லவா?" உடன் பாடம் நடத்தும் தாய்லாந்து ஆசிரியை அதை எனக்கு மொழிபெயர்க்க வாய் வராமல் நின்றார். முதல்வர் மேசையில் இருந்த விடைத்தாள் கட்டை எடுத்து அந்தத் தாயிடம் நீட்டி, மகள் சென்ற பருவத்தில் எழுதியதையும் இந்தப் பருவத்தில் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தத் தாய் பார்த்தார், தலையசைத்தார். ஆனாலும் அடுத்த ஆண்டு மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். அந்தப் பெண் குழந்தை போன பிறகு அவள் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலித்தது. அவள் நன்றாக வந்துகொண்டிருந்தாள்.

தாய்லாந்தில் கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கும். ஜூனில், வழக்கமாக ஒரு வியாழக்கிழமை, 'வை க்ரூ' என்னும் ஆசிரியர் வணக்க நாள். தினமும் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம் பாடும் அதே பிள்ளைகள் அன்று மண்டபத்தில் தரையில் வரிசையாக அமர்ந்து, ஆசிரியர்களைப் போற்றி ஒரே குரலில் ஓதுகிறார்கள். பிறகு வகுப்புக்கு இருவர் மூவராகப் பூத்தட்டு ஏந்தி முழங்காலிலேயே நகர்ந்து மேடைக்கு வருகிறார்கள். எனக்கு முன் வந்த தட்டைப் பார்த்தேன்: வெட்சிப் பூ, நம் ஊரில் இட்லிப் பூ என்போமே அது, ஒரு கொத்து அருகம்புல், கத்தரிப் பூ. மூன்றும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பவை. பக்கத்தில் இருந்த தாய்லாந்து ஆசிரியை காதோடு விளக்கினார். வெட்சியின் கூரிய மொட்டு கூர்மையான அறிவுக்கு. அருகம்புல் மிதித்தாலும் படர்வது போலக் கல்வி படர வேண்டும் என்பதற்கு. கத்தரிப் பூ தலை கவிழ்ந்து பூப்பதால் பணிவுக்கு. முதல் வரிசையில் செபு ஆசிரியை, இங்கிலாந்து இளைஞர், நான். பிள்ளைகள் எங்கள் மூவர் முன்னும் ஒரே அளவு குனிந்தார்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில கறாரான விஷயங்கள்.

சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே வேலை தேடலாம் என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். 2023 நவம்பரில் இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா விலக்கு அளித்த பிறகு இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது. வேலைக்கு உரியது 'நான்-இமிக்ரன்ட் பி' (Non-Immigrant B) விசா. பள்ளி அனுப்பும் தாள்களோடு தாய்லாந்து அரசின் இ-விசா இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போய் இறங்கிய பிறகு தொழிலாளர் துறையின் பணி அனுமதி வேண்டும். அது எந்தப் பள்ளியின் பெயரில் வாங்கப்பட்டதோ அந்தப் பள்ளியில் மட்டும் செல்லும். 2022 இல் தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பெரும் பாடுபட்டு மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. பள்ளியின் பெயர், முகவரி, முதல்வரோடு நேர்ப்பேச்சு மூன்றும் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. ஏஜென்ட் மூலம் போவதானால், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்துத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். வேலை உறுதியாவதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. காவல்துறைச் சான்றையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர் அல்லாதவரிடம் பல பள்ளிகள் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோயிக் தேர்வில் 600 மதிப்பெண் கேட்கின்றன, பி.எட். முடித்தவருக்கு அது கடினமே இல்லை.

பி.எட். பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர இணையவழிச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்படுபவர்களைப் பார்க்கிறேன். அது வாசல் வரை கொண்டுபோய் விடும், வீட்டுக்குள் உட்கார வைக்காது. தாய்லாந்தில் குருசபா என்ற ஆசிரியர் கவுன்சில் இருக்கிறது. உரிமம் இல்லாதவர்களுக்கு அது தருவது இரண்டாண்டுத் தற்காலிக அனுமதி. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே போக முடியாது. கல்வியியல் பட்டம் உள்ளவர் ஆசிரியர் உரிமத்துக்கே விண்ணப்பிக்கலாம். நான் நிற்பதும் சிலர் ஊர் திரும்புவதும் அந்த ஒரு பட்டத்தால்தான். மாலத்தீவின் தீவுப் பள்ளிகளிலும் வளைகுடாவின் சிபிஎஸ்இ பள்ளிகளிலும் நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை பார்ப்பதும் அதை வைத்துத்தான்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுவதற்கு முன் மாதக் கணக்கைப் பாருங்கள். பத்து மாத ஒப்பந்தம் என்றால் மார்ச்சுக்கும் மே நடுவுக்கும் இடையில் சம்பளம் இல்லை. அந்த இடைவெளியில் விசாவும் முடியக்கூடும். பன்னிரண்டு மாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பிரதிகள் இருக்கும். தாய்லாந்து மொழிப் பிரதியையும் தெரிந்த ஒருவரிடம் காட்டி, சம்பளமும் மாதமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.