கார்பரேட்டர் 150 சிசி பைக், லிட்டருக்கு 38-ஐத் தாண்டல. முன் ஸ்ப்ராக்கெட் மாத்தலாமா?

புதுவண்டிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. செகண்ட் ஹேண்டில் ஒரு 150 சிசி பைக் வாங்கியிருக்கேன். கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்), 5 கியர். இதே மாடல் வச்சிருக்கிறவங்க லிட்டருக்கு 50 தாராளமா வருதுங்கிறாங்க, எனக்கு 38 தான். முன்னாடி வச்சிருந்தவர் பின்பக்கம் 100/90-17 டயரை எடுத்துட்டு 130/70-17 போட்டிருக்கார். ஏர் பாக்ஸையும் (கம்பெனி ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டி) எடுத்துட்டு ஓப்பன் ஃபில்டர் மாட்டியிருக்கார். ஸ்பார்க் பிளக் கரி பிடிச்சுக் கறுப்பா இருக்கு. முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடுற பல்சக்கரம்) 14 பல்லுல இருந்து 15-க்கு மாத்தினா மைலேஜ் ஏறும்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா? ஓட்டுற விதத்துல எதை மாத்தணும்?

நெடுந்தூரம்:
38-ன்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க ப்ரோ? பெட்ரோல் முள்ளைப் பார்த்துன்னா அந்த நம்பரை மறந்துடுங்க. டேங்க் ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. ஓட்டிட்டு மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்க, போட்ட லிட்டரால கிலோமீட்டரை வகுங்க. ரெண்டு தடவையும் வண்டி நேரா நிக்கணும். சைடு ஸ்டாண்டுல சாய்ஞ்சிருந்தா நிரம்புற அளவே மாறிடும். 5 லிட்டர் போடுற இடத்துல அரை லிட்டர் பிசகினாலே 10 சதவீதம் தப்பு.

புதுவண்டிக்காரன்:
ஃபுல் டேங்க் முறையிலதான் பார்த்தேன் ப்ரோ, வண்டியை நேரா நிறுத்தித்தான் போட்டேன்.

ஸ்பேனர்:
தம்பி, ஸ்ப்ராக்கெட் பேச்சை இப்போதைக்கு விடுங்க. இன்ஜின் கொடுக்கிற சக்தி ரோட்டுக்கு வந்து சேருதான்னு முதல்ல பார்க்கணும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல பின் சக்கரத்தைக் கையால சுத்தி விடுங்க. சும்மா ரெண்டு மூணு சுத்தாவது சுத்தணும். சட்டுனு நின்னா பிரேக் உரசுது, இல்லைன்னா செயின் விறைப்பா இருக்கு, இல்லைன்னா பேரிங் போயிருக்கு. முன் சக்கரத்தையும் தூக்கிப் பாருங்க. டிஸ்க் பிரேக்னா காலிப்பர்ல (பேடை அழுத்துற பாகம்) இருக்கிற ஆணி காய்ஞ்சு போய் பேட் டிஸ்க்ல ஒட்டிக்கிட்டே நிக்கிறது சகஜம்.

செயின் தொய்வு பெரும்பாலான வண்டிக்கு 20-லிருந்து 30 மில்லிமீட்டர், மேனுவல்ல சரியான அளவு இருக்கும். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நாலஞ்சு இடத்துல அளங்க. செயின் ஒரே சீரா தேயாது. ஒரு இடத்துல தொங்கும், இன்னொரு இடத்துல கம்பி மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும்.

கிளட்ச் லிவர் நுனியில 10-லிருந்து 20 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே (கிளட்ச் இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லிவர் சும்மா நகருற தூரம்) வேணும். அது இல்லைன்னா கிளட்ச் லேசா வழுக்கிக்கிட்டே ஓடும். டாப் கியர்ல திராட்டில் திருப்பினா ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னா அதேதான். இன்ஜின் ஆயில் கேன்ல ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏத்த ஆயில் தரம்) போட்டிருக்கான்னும் பாருங்க. உராய்வு குறைக்கிற கார் ஆயிலை ஊத்தினா, இன்ஜின் ஆயில்ல நனைஞ்சே ஓடுற வெட் கிளட்ச் வழுக்கும்.

டயர் காற்றை வண்டி ஓடி சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க.

ஜெட்நீடில்:
கறுப்பு பிளக்னா கலவையில பெட்ரோல் அதிகம். ஓப்பன் ஃபில்டர் மட்டும் போட்டிருந்தா காற்று கூடி பிளக் வெளுத்திருக்கணும். அதை ஈடுகட்ட யாரோ கார்பரேட்டர்ல கை வச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். மெயின் ஜெட்டை (பெட்ரோல் வர்ற துளை) பெருசு பண்ணியிருந்தா அது முக்கால் திராட்டிலுக்கு மேலதான் பெருசாத் தெரியும். நாம அன்றாடம் ஓட்டுறது கால், அரை திராட்டில். அங்கே ஜெட் நீடில்தான் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துற ஊசி) ராஜா. நீடிலைப் பிடிச்சிருக்கிற கிளிப் கீழ்ப் பள்ளத்துல இருந்தாலோ, கிளிப்புக்கு அடியில வாஷர் இருந்தாலோ நீடில் மேல தூக்கி நின்னு பெட்ரோலை வாரி விடும். சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ண பெட்ரோலைக் கூட்டுறது) கேபிளையும் பாருங்க. அது இறுக்கமா இருந்தா லிவரை மூடினாலும் உள்ளே பிளஞ்சர் (சோக் வழியை அடைக்கிற தண்டு) முழுசா உட்காராது.

என் அபிப்பிராயம்: பழைய ஏர் பாக்ஸைத் தேடி மாட்டுங்க, கம்பெனி அளவு ஜெட் போடுங்க. கார்பரேட்டரோட அளவெல்லாம் அந்த ஏர் பாக்ஸை வச்சுத்தான் தீர்மானிச்சது.

புதுவண்டிக்காரன்:
அண்ணே, பின் சக்கரம் அரைச் சுத்துலயே நின்னுடுச்சு. டிரம் பிரேக் ராடை அளவுக்கு மேல முறுக்கி வச்சிருக்காங்க. கிளட்ச்ல ஃப்ரீ பிளேயே இல்ல. நீடில் கிளிப்புக்கு அடியில ஒரு வாஷரும் இருந்துச்சு, ஜெட்நீடில் சொன்னது சரி. ஏர் பாக்ஸ் கிடைச்சுடும் போல.

நெடுந்தூரம்:
அருமை. டயர் பத்தியும் சொல்லிடறேன். 100/90-17 உயரம் சுமார் 612 மில்லிமீட்டர், 130/70-17 சுமார் 614. அதனால கியரிங் மாறல. ஆனா அகலமும் எடையும் கூடியிருக்கு, ஒரிஜினல் ரிம்லயே போட்டிருந்தா டயர் இடுக்கிக்கிட்டு அதோட வடிவமே கெட்டிருக்கும். பாதுகாப்புக்காகவே பழைய அளவுக்குத் திரும்புங்க.

ஓட்டுற விதத்துல பெரிய விஷயம் ஹைவே வேகம். காற்றுத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 60-ல இருந்து 80-க்குப் போனா தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. டவுன்ல பிரேக்கைத் தொடுற ஒவ்வொரு தடவையும், எரிச்ச பெட்ரோல் சூடாப் போகுது. தூரத்துல சிக்னல் சிவப்பாத் தெரிஞ்சா அங்கேயே திராட்டிலை விட்டுடுங்க.

மலைச்சாலை:
இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டினா இன்னும் மிச்சமாகும்ல?

ஸ்பேனர்:
வேண்டாம்மா, உயிரோட விளையாட்டு அது. இன்ஜின் பிரேக்கிங் போயிடும், பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போகும். எஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதிலா பெட்ரோலைப் பீய்ச்சுற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டின்னா மிச்சமும் கிடையாது. கியர்ல திராட்டிலை மூடி இறங்கும்போது ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோலையே நிறுத்திடும், நியூட்ரல்ல ஐடிலுக்குப் பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும்.

புதுவண்டிக்காரன்:
அப்டேட்: பிரேக், கிளட்ச் சரி பண்ணி, ஏர் பாக்ஸ் மாட்டி, வாஷரை எடுத்தாச்சு. மெயின் ஜெட்டும் பெருசாத்தான் இருந்துச்சு, கம்பெனி அளவு போட்டாச்சு. இந்த டேங்க் 47! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போ 15 பல் போடலாமா?

ஜெட்நீடில்:
போட்டா அதே வேகத்துல ஆர்பிஎம் சுமார் 7 சதவீதம் குறையும், திராட்டில் கொஞ்சம் அதிகம் திறந்திருக்கும், அதனால காற்றை உறிஞ்ச இன்ஜின் வீணாக்குற சக்தி குறையும். சமதள ஹைவேல பலன் உண்டு. டவுன்ல ஒரு கியர் கம்மியிலேயே ஓட்ட வேண்டி வரும், கிளட்ச்சும் கூடுதலாத் தேயும். உங்களுக்கு டவுன் ஓட்டம் அதிகமா, ஹைவே அதிகமா?

புதுவண்டிக்காரன்:
முக்கால்வாசி டவுன்தான்.

ஜெட்நீடில்:
அப்போ 14-லயே இருங்க. அந்தக் காசுல பின் டயரை மாத்துங்க.