சாவு கிட்ட வந்தபோது நம்பிக்கை என்ன ஆனது? அவரவர் வீட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:
"கடைசிக் காலத்துல நாத்திகனும் சாமி கும்பிட்டுடுவான்" என்று அடித்துச் சொல்வார்கள். என் அப்பா விஷயத்தில் அது நடக்கவில்லை. கருஞ்சட்டைக்காரர், சுயமரியாதைத் திருமணம் செய்தவர். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவருடைய நாத்திகம் இன்னும் இறுகிவிட்டது. அதுவரை அம்மா கொண்டுவரும் கோயில் பொங்கலை ருசித்துச் சாப்பிட்டவர், அதையும் நிறுத்திவிட்டார். பார்க்க வருகிறவர்கள் "மனுஷன் பயந்துட்டார்" என்று பேசிவிடுவார்களாம். சாவைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று நினைக்கிறேன். 1930இல் லாகூர் சிறையில் பகத்சிங் எழுதியதிலும் இதே கவலை உண்டு. கடைசி நாட்களில் நீ நம்பத் தொடங்குவாய் என்று ஒரு நண்பர் சொல்ல, அது தனக்கு இழிவு என்று மறுக்கிறார். ஜீவானந்தம் தமிழில் தந்த அந்தச் சிறு நூல் அப்பாவின் கட்டிலிலேயே கிடந்தது.

உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது, உறவினர்கள்தான் சம்மதித்து ஒப்படைக்க வேண்டும். "கொள்ளி வைக்காம அனுப்புவியாடா?" என்று பெரியப்பா ஒரே சண்டை. அம்மாதான் முடித்து வைத்தார். அப்பாவின் நெற்றியில் விபூதி பூசினார், "அவர் சொன்னபடியே கொண்டு போங்க" என்றார். நானும் கழகத் தோழர்களும் அதைத் துடைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதில் படத்திறப்பு. அம்மா அதற்கும் வந்தார், கோயிலில் மோட்ச தீபமும் ஏற்றினார்.

நாகர்கோவிலிலிருந்து:
எங்கள் வீட்டில் தலைகீழ். அம்மா ஒரு நாள்கூட ஜெபமாலையை விட்டதில்லை. சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன அன்று ராத்திரி, "மக்ளே, அங்க ஒண்ணுமே இல்லன்னா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் சில நாள் ஜெபமாலையைத் தொடவே இல்லை. ஆனால் எந்தப் புடவை, கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் எந்த இடம், எந்தப் பாட்டு என்பதில் மட்டும் ஒரு விட்டுக்கொடுப்பும் கிடையாது. சாமி இருக்கிறாரா என்பதில் சந்தேகம் வந்தது, தான் வேதக்காரி என்பதில் வரவில்லை.

கோவையிலிருந்து:
உளவியல் படிக்கிறேன். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தன் சாவைப் பற்றி எழுதச் சொன்ன பிறகு, கேள்வித்தாளில் பக்தர்களின் நம்பிக்கையும் கூடியது, நம்பாதவர்களின் மறுப்பும் கூடியது. திருச்சிக்காரரின் அப்பா மாதிரியேதான். ஆனால் கடவுள் போன்றவை நிஜமா கற்பனையா என்று சட்டென்று பொத்தானை அழுத்தச் சொன்னபோது, நம்பாதவர்கள் 'கற்பனை' என்று அழுத்தக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

திருச்சியிலிருந்து:
அப்பாவிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்திருந்தால், இந்தச் சோதனைக்கு யார் காசு கொடுத்தது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.