1965 எம்ஜிபி: ஸ்டீயரிங் வீல் கழல மாட்டேங்குது

பாளை ரோட்ஸ்டர்:
அண்ணாச்சிமாரே, கம்பி ஸ்போக் வச்ச ஒரிஜினல் வீலை எடுத்துட்டு 14 அங்குல மர வீல் மாட்டணும். வண்டி 1965 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நடு நட்டு இளகிட்டு. வீல் மட்டும் ஸ்ப்ளைன்ல, அதான் ஷாஃப்ட் மேல உள்ள பல் வரிசையில, பிடிச்சுக்கிட்டு அசையவே இல்ல. ரெண்டு கால் புல்லரை (இழுத்துக் கழட்டுற கருவி) ஸ்போக்ல மாட்டி இழுக்கலாமா, இல்ல ஷாஃப்ட் தலையில சுத்தியலால தட்டலாமா?

பேட்டை பட்டறை:
ரெண்டும் வேண்டாம் தம்பி. புல்லரை மாட்டினா அந்தக் கம்பி வளைஞ்சிரும், வீல் பாழ். சுத்தியல் அடி மரை நுனியை நசுக்கும். அந்த அடி ஸ்டீயரிங் தண்டு வழியா, சக்கரத்தைத் திருப்புற ரேக் பினியன் பல் வரைக்கும் இறங்கும்.

முதல்ல சீட்டுக்குப் பின்னால உள்ள பேட்டரி ரெண்டையும் பாருங்க. 6 வோல்ட் ரெண்டு, தொடரா இருக்கும். இந்த வருஷ வண்டில பிளஸ்தான் எர்த், அதாவது பாடியோட சேந்த முனை, யாரும் மாத்தலன்னா. அந்த எர்த் வயரைத்தான் கழட்டணும். மத்த முனையில ஸ்பேனர் வச்சு அது பாடில பட்டா தீப்பொறிதான்.

நட்டை முழுசா எடுத்திராதீங்க. ரெண்டு மூணு மரை பிடிக்கிற அளவு விட்டு வைங்க. ஸ்ப்ளைன்ல துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க. காலையில சீட்ல உக்காந்து, முழங்கால் ரெண்டையும் ரிம்முக்குப் பின்னால கொடுத்து, மேலயும் கீழயும் மாத்தி மாத்தி ஆட்டி இழுங்க. ‘டக்’னு விடும். நட்டு இல்லாட்டி வீல் நேரா மூஞ்சிக்குத்தான் வரும்.

கேஸ் டார்ச் காட்டாதீங்க, பக்கத்துலயே இண்டிகேட்டர் சுவிட்ச் இருக்கு.

வண்ணார்பேட்டை லேத்:
புதுசு மாட்டுததுக்கு முன்னால ஓட்டை அளவு பாருங்க. மோமோ கம்பெனி வீலுக்கு 70 மில்லிமீட்டர் வட்டத்துல 6 ஓட்டை, நார்டி கம்பெனிக்கு 74. பாஸும் (வீலை ஷாஃப்ட்டோட சேக்கிற நடுத்துண்டு) வீலும் ஒண்ணுக்கொண்ணு சேரலன்னா ஓட்டையை அரத்தால நீட்டிராதீங்க. ஸ்க்ரூ இறுக்கமா நிக்காது, வீல் கையில ஆடும். சரியான பாஸ் வாங்குங்க.

முன் சக்கரம் நேரா இருக்கும்போது பாஸை மாட்டி, ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி எண்ணுங்க. ரெண்டும் சமமா, ஒண்ணரைச் சுற்று கிட்ட வரணும். வீல் கோணலா நின்னா ஸ்ப்ளைன்ல ஒரு பல் தள்ளிப் போடுங்க. முன் சக்கரத்தைத் திருப்புற டை ராடு கம்பியைத் தொடாதீங்க. நட்டு 41-43 அடி பவுண்டு, அதாவது 57 நியூட்டன் மீட்டர் சுமாருக்கு.

பாளை ரோட்ஸ்டர்:
எண்ணெய் விட்டாச்சு அண்ணாச்சி. ஹாரன் வயரை என்ன செய்ய?

திருச்செந்தூர் கரை:
ஊதாவுல கறுப்புக் கோடு போட்டதுதான் ஹாரன் பட்டனுக்கு வர்ற வயர். பட்டன் அதை எர்த்துல சேத்தா ஹாரன் அடிக்கும். அந்த முனை பாஸ் உலோகத்துல பட்டா, சாவி இல்லாமலே அலறும். பேட்டரி சேத்ததும் வீலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் அடிச்சா வயர் உரசுது.

பாஸ் அலுமினியம், ஷாஃப்ட் இரும்பு. உப்புக்காத்துல ரெண்டும் ஒட்டிப் பிடிக்கும். செப்பு கிரீஸ் லேசா ஸ்ப்ளைன்ல மட்டும் தடவுங்க, மரையில வேண்டாம். பழைய பெரிய வீலுக்குப் பதிலா 14 அங்குலம் போட்டா, நிறுத்தித் திருப்பும்போது பலம் கூட வேணும். டயர் காத்து குறையாம வைங்க.