ஒரே நெல், இரண்டு ஈரமானி, இரண்டு விடை: அளவியல் பாடத்தை மாற்றிய அனுபவம்

விரிவுரையாளர், கல்முனை

பொறியியல் மாணவர்களுக்கு இரண்டாம் வருடத்தில் அளவீடும் சோதனையும் என்ற பாடத்தைப் படிப்பிக்கிறேன். பல வருடமாக ஒரே குறிப்புகள், ஒரே பிரக்டிகல்கள். போன வருடம்தான் அதை அடியோடு மாற்றினேன். ஏன் மாற்ற வேண்டி வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பாடத்தைப் படித்தவர்கள், படிப்பிப்பவர்கள், வேலைத்தளத்தில் தினமும் அளந்துகொண்டிருப்பவர்கள் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பெரும்போக வெட்டு முடிந்த நேரம். பிரக்டிகல் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவன் மட்டும் நின்றான். சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளை, வாப்பா நெல் செய்கிறவர். "சேர், ஒண்டு கேக்கணும்" என்றான். வாப்பா ஒரே களத்து நெல்லை ஒரே நாளில் இரண்டு வியாபாரிகளிடம் காட்டியிருக்கிறார். ஒருவருடைய ஈரமானி 15.8 சதவீதம் காட்டியது. மற்றவருடையது 14.6. "இதில எது சேர் சரி?"

"ரெண்டையும் கலிபிரேட் பண்ணிப் பாக்கணும்" என்று சொன்னேன், அதாவது சரியென்று தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அவன் விடவில்லை. "பண்ணினாப் பிறகு ரெண்டும் ஒரே நம்பரைக் காட்டுமா சேர்?"

காட்டாது. ஏன் காட்டாது, எவ்வளவு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளலாம், எந்த இடத்தில் சண்டை பிடிக்கலாம் என்பதற்கு என் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பிள்ளை முந்திய செமஸ்டரில் என் பாடத்தில் ஏ எடுத்தவன். எல்விடிடி என்ற இடப்பெயர்ச்சி உணரியின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்க்காமல் வரைவான். தன் வீட்டு நெல்லுக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் நெல் கொள்வனவில் 14 சதவீத ஈரம்தான் எல்லை. 15 சதவீத ஈரமுள்ள 5,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஏறக்குறைய 58 கிலோ தண்ணீராகப் போய்விடும். அதாவது ஈரமானி (நாங்கள் மீற்றர் என்போம்) ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினால், இல்லாத தண்ணீருக்காகக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை நெல்லைக் கழிவாக விட வேண்டும். ஒரு போகம் முழுக்கப் பட்ட பாட்டில் இருந்து போகும் மூட்டை அது.

அடுத்த கிழமை அவன் ஒரு வாளி நெல் கொண்டுவந்தான். மூன்று ஈரமானிகளை இரவல் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் பத்துத் தரம் அளந்தோம். அப்புறம் அதே நெல்லில் ஒரு பங்கை உலர்த்தும் அடுப்பில் வைத்து, நிறை மாறாமல் நிற்கும்வரை காயவிட்டு நிறுத்தோம். அடுப்புக் கணக்கில் 15.1 வந்தது. ஒரு மீற்றர் பத்துத் தரத்திலும் 16ஐ ஒட்டியே நின்றது. அது சீராகக் கூட்டிக் காட்டுகிறது என்று விளங்கியது. இன்னொன்றின் சராசரி 15க்குப் பக்கத்தில் இருந்தாலும் ஒரு தரம் 14.2, ஒரு தரம் 15.7 என்று ஆடியது. ஒரே ஒரு தரம் அளந்து விலை பேசினால் அந்த ஆட்டம் யாருக்குச் சாதகமாகும் என்பது அதிர்ஷ்டம்தான். வெயிலில் கிடந்த சூட்டோடு நெல்லை அளந்தபோது அளவு இன்னும் ஏறியது. மின்தடையை வைத்து அளக்கும் மீற்றருக்கு, வெப்பத் திருத்தம் இல்லாவிட்டால், சூடான நெல் ஈரம் கூடிய நெல்லாகத்தான் தெரியும். சூடு ஏற மின்தடை குறையும், அவ்வளவுதான் காரணம். களத்தில் காய்ந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு போய் அளக்கக் கொடுக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு என் குறிப்புகளை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். கிலோகிராம் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பிளாட்டினம் இரிடியம் உருளை என்று அதில் இருந்தது. அது 2019 மே 20 வரைக்கும்தான் உண்மை. அன்றிலிருந்து பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் எண்ணின் பெறுமானத்தை நிலையாக வைத்துத்தான் கிலோகிராமை வரையறுக்கிறார்கள். அதற்கு அடுத்த அத்தியாயம் வழு, அதாவது அளவில் வரும் பிழை. பூச்சிய வழு, இழிவெண்ணிக்கை (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு), சதவீத வழு என்று உயர்தரத்தில் வேணியர் இடுக்கிமானியோடு படித்ததே திரும்பவும். ஏழு சர்வதேச அமைப்புகளின் பெயரில் 1993 இல் வெளிவந்த, ஒரு அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று கணிக்கச் சொல்லித் தரும் நிச்சயமின்மை வழிகாட்டியைப் பற்றி ஒன்றுமே இல்லை. 2008 இல் அதை இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள். நாங்கள்தான் எடுத்துப் பார்க்கவில்லை.

புதிய பாடம் அந்த நெல்லில்தான் தொடங்குகிறது. முதல் பிரக்டிகலுக்கு ஒவ்வொரு குழுவும் வீட்டில் இருந்தோ பக்கத்து வயலில் இருந்தோ நெல் கொண்டுவர வேண்டும். பத்து அளவு எடுத்து, அவை எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் நியம விலகலைக் கணித்து அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் பிரிக்க வேண்டும். 0.1 வரை காட்டும் மீற்றர் என்றால் அதில் பாதியான 0.05ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பிரித்து அதையும் சேர்க்க வேண்டும். மீற்றரின் கலிபிரேஷன் சான்றிதழில் உள்ள நிச்சயமின்மை, நெல்லின் சூடு எல்லாம் உள்ளே வர வேண்டும். கடைசியில் இரண்டால் பெருக்கி, "15.1, கூடக்குறைய 0.6, ஏறக்குறைய 95 சதவீத நம்பிக்கையில்" என்று எழுதினால்தான் புள்ளி. வெறும் 15.1 என்று எழுதினால் புள்ளி இல்லை. முதல் மாதம் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த பிரக்டிகல் எங்கள் வெயிலைப் பற்றியது. நீளங்களைச் சொல்வதற்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். எங்கள் வேர்க்சொப்பில் மத்தியானம் 32. நூறு மில்லிமீற்றர் அலுமினியத் துண்டை உருக்கு இடுக்கிமானியால் அளந்தால், இரண்டும் விரியும் அளவு வேறு என்பதால் 0.014 மில்லிமீற்றர் அளவுக்குக் கூடிக் காட்டும். நுண்மானித் திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கையைவிட அது பெரிது. கையில் பிடித்துக்கொண்டே அளந்தால் இன்னும் கூடும். குளிர் நாட்டுப் புத்தகங்களில் இதை ஒரு அடிக்குறிப்பாகப் போட்டிருப்பார்கள். எங்களுக்கு இது ஒவ்வொரு நாளும் நடக்கிற காரியம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர், மட்டக்களப்பு

சேர், நான் படிப்பிக்கிறவன் இல்லை, ஆய்வுகூடத்தைப் பார்க்கிறவன். பத்தொன்பது வருடம். நீங்கள் எழுதியதை வாசித்ததும் ஒரு ஐஸ் கதை ஞாபகம் வந்தது.

வெப்பநிலை உணரிகளைச் சரிபார்க்கும் பிரக்டிகல். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் ஒரு பிளாஸ்கில் போட்டால் பூச்சியம். அன்றைக்கு எங்கள் பிரிட்ஜ் பழுது. ஒரு தம்பி சைக்கிளில் மீன் சந்தைக்கு ஓடிப்போய் ஒரு பை ஐஸ் வாங்கி வந்தான். ஐந்து குழுவும் அளந்தார்கள். பூச்சியத்தில் 100 ஓம் மின்தடை காட்ட வேண்டிய பிளாட்டினம் உணரி எல்லோருக்கும் 99.3 காட்டியது. அந்த 0.7 ஓம் குறைவைப் பாகையாக மாற்றி, ஐந்து குழுவும் ஒரே மாதிரி, "உணரியில் 1.8 பாகை வழு இருக்கிறது, ஒவ்வொரு அளவோடும் 1.8ஐக் கூட்ட வேண்டும்" என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. புது உணரி அது. ஐஸில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. மீன் பெட்டியில் கடல் தண்ணீர் விட்டுக் கலந்த ஐஸ். கடல் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகைக்குக் கிட்டத்தான் உறையும். அந்த உணரி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அடுத்த நாள் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஐஸ் செய்து வைத்தேன். 100.0 வந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு ஐஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எதை வைத்துச் சரிபார்க்கிறோமோ அதை யார் சரிபார்த்தது என்ற கேள்வி அன்றைக்குத்தான் அவர்களுக்கு வந்தது. எங்கள் படிக்கல்லை இன்னொரு படிக்கல்லோடும், அதை நாட்டின் நியமத்தோடும் ஒப்பிட்டுக்கொண்டே போகிற சங்கிலியை அதற்குப் பிறகு விளக்குவது லேசாக இருந்தது. வியாபாரத் தராசில் முத்திரை ஏன் என்பதும் அப்படியே விளங்கிவிட்டது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின் கீழ்தான் அந்த முத்திரை என்று நான் எப்போதும் சொல்லிக் கொடுப்பேன்.

ஒரு நல்ல விஷயமும் சொல்கிறேன். நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம். இங்கே கொதிக்கும் தண்ணீர் 100 பாகைக்கு மிகக் கிட்ட இருக்கும். நுவரெலியாவில் இதே சோதனையைச் செய்தால் 94 பாகை அளவில்தான் வரும். எங்கள் இடத்தில் கீழ்ப் புள்ளி, மேல் புள்ளி இரண்டையும் ஒரு பிளாஸ்கும் ஒரு கேத்தலும் வைத்தே பார்த்துவிடலாம். ஆனால் உப்புக் காற்றுக்கு, நீளம் சரிபார்க்கும் உருக்குக் கட்டைகளான ஸ்லிப் கேஜ்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு. எண்ணெய் பூசாமல் ஒரு இரவு விட்டாலும் விரல் அடையாளம் துருவாகிவிடும்.

சிவில் பொறியியலாளர், அக்கரைப்பற்று

இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று. சோதனைக்கு வார்த்த கொங்கிறீட் கியூபை 28ஆம் நாள் மெஷினில் வைத்து உடைத்தோம். தேவையான வலிமை சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன், வந்தது 25.2. எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட இருந்தார்கள். எனக்கு அந்தக் கியூபின் விளிம்பு கோணலாகத் தெரிந்ததால் எடுத்து அளந்தேன். அச்சு தேய்ந்து ஒரு பக்கம் 150க்குப் பதிலாக 152 மில்லிமீற்றர். பரப்பைத் திருத்தினால் வலிமை 24.9. மெஷினின் கலிபிரேஷன் சான்றிதழும் காலாவதி.

இப்போது பாஸா ஃபெயிலா? நான் படித்த பாடம் அதற்குப் பதில் சொல்லவில்லை. 25.2 ஆனாலும் 24.9 ஆனாலும் அந்த மெஷினின் நிச்சயமின்மைக்குள் இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லைக்குக் கிட்ட வரும் அளவை எப்படித் தீர்ப்பது என்பதை முன்கூட்டியே எழுதி ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஆய்வுகூடங்களுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 17025 இன் 2017 பதிப்பு கேட்கிறது. அதை வேலைக்குப் போய் ஏழு வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் மெஷினைச் சரிபார்த்து மிச்சக் கியூப்களை உடைத்து, கொங்கிறீட்டை உடைக்காமல் வலிமை பார்க்கும் ரீபவுண்ட் ஹாமரும் அடித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். மூன்று கிழமை தாமதம், ஆனால் அந்தக் கட்டிடத்துக்குக் கீழே பிள்ளைகள் இருக்கப்போகிறார்கள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்பாடில்லை. "அடியோடு மாற்றினேன்" என்கிறீர்கள். சுமை ஏறும்போது ஒரு சட்டம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜைக் கையால் ஒட்டும் பிரக்டிகலை எடுத்துவிட்டீர்களா? எடுத்திருந்தால் தயவுசெய்து திருப்பிப் போடுங்கள். மேற்பரப்பைத் தேய்த்துத் துடைத்துப் பசை போட்டு ஒட்டி, மூன்றாம் தரமும் பிழைத்து, நான்காம் தரம் வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்று சமன்பட்டபோதுதான் அளப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்று எனக்குத் தெரிந்தது. கணினித் திரையில் அது வராது.

மூன்றாம் வருட மாணவி, ஏறாவூர்

நான் பழைய பாடத்தின் கடைசிப் பட்ச். எனக்கு நடந்தது சின்னது, ஆனாலும் எழுதுகிறேன்.

புரஜெக்டுக்காக ஒரு சின்ன ட்ரான்ஸ்போமரின் வெளியீட்டை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் அளந்தேன். ஒவ்வொரு 20 மில்லி செக்கனுக்கும் ஒரு அளவு எடுக்கும்படி எழுதியிருந்தேன். திரையில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒரு கோடுதான் வந்தது. கரண்டே வரவில்லை, வயர் கழன்றிருக்கிறது என்று நினைத்து பிளக்கைக் கழற்றாமலே உள்ளே கையை விடப்போனேன். பக்கத்தில் நின்ற உத்தியோகத்தர் கையைத் தட்டிவிட்டார். "எங்கட கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். 20 மில்லி செக்கன். அலை திரும்ப அதே இடத்துக்கு வரும் நேரத்தில்தான் ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லி செக்கனுக்கு மாற்றினேன், முழு அலையும் வந்தது.

ஒரு அலையை எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும் என்று சொல்லும் நைக்விஸ்ட் தேற்றத்தை நான் சோதனையில் எழுதியிருக்கிறேன். புள்ளியும் கிடைத்தது. அது என் கையைக் காப்பாற்ற வேண்டிய விஷயம் என்று மட்டும் தெரியாது.

விரிவுரையாளர், கல்முனை

எல்லோருக்கும் நன்றி. மகள், நீங்கள் எழுதியதை அடுத்த செமஸ்டரில் ஐந்தாம் கிழமைப் பாடத்துக்கு முன்னால் வாசித்துக் காட்ட அனுமதி தாருங்கள், பெயர் சொல்ல மாட்டேன். உப்பு ஐஸையும் எடுத்துக்கொள்கிறேன். இனி வேண்டுமென்றே ஒரு குழுவுக்கு மீன் சந்தை ஐஸைக் கொடுக்கப்போகிறேன். அந்த ஒரு குழு மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்று வகுப்பே சேர்ந்து கண்டுபிடிக்கட்டும்.

ஸ்ட்ரெயின் கேஜ் பற்றிச் சொன்னது சரி. நேரம் போதாது என்று ஒட்டும் வேலையை எடுத்துவிட்டு, ஒட்டி வைத்த சட்டத்தில் அளக்க மட்டும் விட்டிருந்தேன். அது பிழையான முடிவு. திருப்பிப் போடுகிறேன், அதற்காகப் பேனாவால் கோடு வரையும் பழைய ரெக்கோடர் பிரக்டிகல் இரண்டும் போகும். பாடத்தை மாற்றும் படிவங்களில் கற்றல் பேறுகளை எழுதித்தான் ஆக வேண்டும். 2014 இல் எங்கள் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றதில் இருந்து அது கட்டாயம். அதில் "தன் அளவின் நிச்சயமின்மையைச் சொல்லி, அதை வைத்து ஒரு முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பான்" என்று எழுதியிருக்கிறேன். கியூப் கதையை அதற்கு உதாரணமாகச் சேர்க்கிறேன்.

அந்தச் சம்மாந்துறைப் பிள்ளையின் வாப்பா இந்தச் சிறுபோகத்தில் நெல்லை நிழலில் ஆறவிட்டுத்தான் கொண்டுபோனாராம். ஒரே மூட்டையில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வியாபாரியும் மறுக்கவில்லை.

இப்போது எங்களிடம் அடுப்புக் கணக்கோடு உள்ளது வெள்ளை நெல் மட்டும்தான். சிவப்பு நெல்லுக்கு மீற்றர் எப்படிக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த பெரும்போகத்தில் ஆளுக்கு இரண்டு கிலோ தரக்கூடியவர்கள் எழுதுங்கள். எந்த வயல், வெட்டிய நாள் எது, எத்தனை நாள் காயவைத்தது என்பதை ஒரு துண்டில் எழுதிப் பையின் வாயை இறுக்கிக் கட்டி அனுப்பினால் போதும்.