புதுப்பிப்பு: அக்காவுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வேலை பார்த்தபோது, உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் வந்து சிகிச்சை பெற்ற என் அக்காவுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் திரும்பிய பின்னும் மூட்டுவலியும் அசதியும் தீராததால், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொற்றுநோய் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், லைம் நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட தொல்லைகள் தீராத 280 பேருக்கு இரண்டு வாரம் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றிய பிறகு, 12 வாரம் சிலருக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், சிலருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குடன் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தும், மூன்று குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லையாம். மருந்தேற்ற நரம்பில் நெடுநாள் குழாய் செருகியிருந்தால் இரத்தத்தில் கிருமி ஏறும் அபாயம் வேறு. ஆனால் வலி வெறும் மனப்பிரமை என்று மருத்துவர் ஒதுக்கவில்லை. அதுவே அக்காவுக்குப் பாதி மருந்து. இங்குள்ள உண்ணிக் காய்ச்சல்தானே இது என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள். அது ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவால் வருவது, லைம் பொரேலியா என்ற வேறு பாக்டீரியாவால் வருவது. இப்போது தூக்கத்துக்கும் வலிக்கும் தனித்தனியே சிகிச்சை நடக்கிறது. தைராய்டு சோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.