பி.இ. முதலாண்டு, பார்வைக் குறைபாடு 60%: சக்ஷமா, போஸ்ட் மெட்ரிக்கா?

இளவேனில் கேட்டது:
தங்கச்சி இந்த வருடம் தனியார் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் பி.இ. சேர்ந்திருக்கிறாள். விடுதியில் தங்குகிறாள். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 55,000 ரூபாய், குடும்ப வருமானம் 2,10,000. பார்வைக் குறைபாடு 60%, யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கையில் இருக்கிறது. என்எஸ்பி (தேசிய உதவித்தொகை) தளத்தில், ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தரும் சக்ஷம், மாற்றுத்திறனாளிகளுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கானது) ஆகிய இரண்டு உதவித்தொகைகளுக்குமே தகுதி இருப்பதாகப் படுகிறது. எதற்குப் போடுவது? இன்னொன்று, யூடிஐடியில் பெயர் "எம். தேவி", ஆதாரில் "தேவி முருகன்". இது இடிக்குமா?

காவிரிக்கரை:
இரண்டிலும் ஒரே நேரத்தில் பணம் வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சக்ஷம் எளிமையானது. வருமான வரம்பு 8 லட்சம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் மொத்தமாக வரும். பட்டப்படிப்புக்கு 4 ஆண்டு, டிப்ளமோவுக்கு 3 ஆண்டு வரை கிடைக்கும். கல்லூரி ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

போஸ்ட் மெட்ரிக்கில் வருமான வரம்பு 2.5 லட்சம். கட்டிய கல்விக் கட்டணத்தை ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை திருப்பித் தருவார்கள். பொறியியல் முதல் பிரிவில் வருவதால் விடுதி மாணவருக்கு மாதம் 1,600, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 750. அதோடு புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,500, மாற்றுத்திறன் படியாக 4,000. இந்த 4,000 பார்வைக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு 2,000.

உங்கள் கணக்கில் 55,000 + 16,000 (பத்து மாதம் என்று வைத்தால்) + 1,500 + 4,000 = 76,500. தொகையைப் பார்த்தால் போஸ்ட் மெட்ரிக்தான் கூடுதல். ஆனால் நாடு முழுவதற்கும் 17,000 பேருக்குத்தான் இடம், அதையும் மாநிலவாரியாகப் பிரித்துவிடுவார்கள். சக்ஷமில் தகுதியுள்ள எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சக்ஷமுக்குப் புதிதாக விண்ணப்பிக்க முதலாண்டில்தான் முடியும், லேட்டரல் என்ட்ரி (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாமாண்டில் சேர்வது) என்றால் இரண்டாமாண்டில். இந்த வருடம் போஸ்ட் மெட்ரிக் போட்டு அது கிடைக்காமல் போனால், அடுத்த வருடம் சக்ஷம் கதவு மூடியிருக்கும். அதனால் நான் சக்ஷம் என்றே சொல்வேன். கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் வேறு மாதிரி யோசிக்கலாம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி பெறாவிட்டால் தொகை நின்றுவிடும் என்பதையும் தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள்.

பொன்னி:
பெயர் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள், நிச்சயம் இடிக்கும். நம் ஊரில் ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரிலும் யூடிஐடியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

ஆதாரைத் தொடாதீர்கள். அதில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான். யூடிஐடி தளத்தில் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, ஆதார் நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். அங்கே ஒப்புதல் வர நாளாகலாம், ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓடிஆர், அதாவது என்எஸ்பி தளத்தில் ஒரே ஒருமுறை செய்யும் பதிவு. 14 இலக்க எண் வர, போனில் முகத்தைக் காட்டி ஆதார் சரிபார்ப்பு செய்ய வேண்டும். கண் சிமிட்டச் சொல்லும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிக்குவது இங்கேதான். வெளிச்சம் முகத்தில் நேராக விழுகிற இடமாகப் பாருங்கள், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனை வேறு ஒருவர் கண் மட்டத்தில் பிடிக்கட்டும். சின்ன வயதில் எடுத்த படமே ஆதாரில் இருந்தால் முகம் பொருந்தாது. 15 வயதுக்குப் பிறகு பயோமெட்ரிக் புதுப்பித்தாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் ஆதார் மையம்.

அப்படியும் ஆகவில்லையென்றால் கல்லூரி நோடல் அதிகாரியிடமும் (உதவித்தொகை விண்ணப்பங்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்) என்எஸ்பி உதவி மையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். டிஜிட்டல் கேஒய்சி (ஆள் அடையாளச் சரிபார்ப்பு) மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கண் சிமிட்டும் சோதனைதான் அந்த வழக்கின் மையம். புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். இது சலுகை கேட்பது இல்லை, உரிமை.

இளவேனில்:
ரொம்ப நன்றி அக்கா. வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்தாகிவிட்டது. அது போதுமா?

பொன்னி:
போதாது. கேஒய்சிக்காக ஆதார் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வர என்பிசிஐ மேப்பரில் (எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று காட்டும் தேசியப் பட்டியல்) கணக்கைச் சேர்ப்பது வேறு. இந்தச் சேர்ப்பைத்தான் சீடிங் என்பார்கள். மைஆதார் தளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாருங்கள். எந்த வங்கி பெயர் அங்கே "ஆக்டிவ்" என்று காட்டுகிறதோ அங்கேதான் பணம் விழும். அது பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய கணக்காக இருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். மாற்ற வேண்டுமென்றால் வேண்டிய வங்கிக் கிளையில் டிபிடிக்கான (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது) ஆதார் சீடிங் படிவம் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

காவிரிக்கரை:
விண்ணப்பத்தை சப்மிட் செய்ததோடு வேலை முடியாது. கல்லூரி நோடல் அதிகாரி தன் லாகினில் சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு, அது கடந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிரிண்ட் அவுட், யூடிஐடி, வட்டாட்சியர் தந்த வருமானச் சான்று, கட்டண ரசீது, போனஃபைடு (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் சான்று) எல்லாவற்றையும் அந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள். "டிஃபெக்டிவ்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். காரணம் எழுதியிருப்பார்கள், திருத்தி மறுபடி அனுப்பலாம். "ரிஜெக்டட்" என்றால் திருத்த வழியில்லை.

நெய்தல்:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி மாதிரி அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான டாப் கிளாஸ் உதவித்தொகைத் திட்டத்தைப் பாருங்கள். வருமான வரம்பு 8 லட்சம், கட்டணம் 2 லட்சம் வரை, விடுதியில் இருந்தால் மாதம் 3,000, உதவியாளர் அல்லது வாசிப்பாளருக்கு மாதம் 2,000. கம்ப்யூட்டருக்கு ஒருமுறை 30,000, துணைக் கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் இன்னொரு 30,000. ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வாங்க வேண்டியவர்களுக்கு இந்தக் கடைசித் தொகை பெரிய உதவி. மொத்தம் 300 இடம்தான். கடைசித் தேதி வரை காத்திருக்காமல் போட்டுவிடுங்கள்.