சொல்லிலிருந்து எழுத்துக்கு: ஃப்ரெய்ரே முறை எங்கே சறுக்குகிறது?

முதியோர் எழுத்தறிவு வட்டம் தொடங்கப்போகிற இளைஞர்களுக்காக இந்த இழை. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் முறையில் வட்டம் நடத்துகிறவர்கள், நடைமுறையில் கண்டதை எழுதுங்கள். என்ன செய்வது, எது கெடும், ஏன் கெடும் என்பது போதும்.

*

1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் ஃப்ரெய்ரே குழுவினர் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 40-ஐப் பார்த்துத்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அதற்கு முந்தைய வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. ஊருக்குள் போய் மக்கள் வாயில் புழங்கும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றைப் பொறுக்க வேண்டும். போர்த்துகீசிய மொழிக்கு 15 முதல் 18 சொல் போதும் என்பது ஃப்ரெய்ரேயின் கணக்கு. அந்தச் சில சொற்களுக்குள் மொழியின் ஒலிகள் எல்லாம் வந்துவிட வேண்டும், எளியது முன்னால் நிற்க வேண்டும், சொல்லைக் கேட்டதும் பேச்சு கிளம்ப வேண்டும்.

அப்படிப் பொறுக்கிய சொற்களில் ஒன்று ‘திஜோலோ’. செங்கல் என்று பொருள். முதலில் கட்டட வேலை நடக்கும் படத்தைச் சுவரில் காட்டுவார்கள். அதைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் சொல் வரும். பிறகு அதை மூன்றாக உடைத்து, த-தெ-தி-தொ-து, ஜ-ஜெ-ஜி-ஜொ-ஜு, ல-லெ-லி-லொ-லு என்று ஒரே அட்டையில் வைப்பார்கள். அந்த 15 அசைகளைக் கோத்து, படிப்பவர்களே சொல் உண்டாக்க வேண்டும். ‘லோஜா’ என்றால் கடை, ‘லுத்தா’ என்றால் போராட்டம். ‘து ஜா லே’ என்று மூன்றைச் சேர்த்தால், ‘நீ இப்போதே படிக்கிறாய்’ என்று பொருள். முதல் அட்டையிலேயே இது முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

*

தமிழுக்கு இதை அப்படியே பெயர்த்தால் சிக்கல், தோழர். நம்மிடம் உயிர்மெய் வரிசை தயாராக இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு வரிசைக்கு 12 எழுத்து. இரண்டு மெய் உள்ள சொல்லை எடுத்தாலே முதல் நாள் 24 எழுத்து. மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். கொம்பு எழுத்தின் இடப்பக்கம் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். கு, சு, டு, நு, பு எல்லாம் வெவ்வேறு உருவம். அதனால் ‘கூலி’ எவ்வளவு கனமான சொல்லாக இருந்தாலும் அது முதல் வாரத்துச் சொல் இல்லை.

‘பட்டா’வை எடுத்துப் பாருங்கள். ப, ட இரண்டே மெய். புள்ளி, கால், இகர விசிறி மூன்றும் போதும்: படி, பாடி, பட்டி, பாட்டி, டப்பா, பாப்பா. ஒரு இடறல் வரும். ‘பட்டா’வில் அழுத்தி ஒலிக்கும் ட, ‘படி’யில் மெல்ல ஒலிக்கிறதே என்று கேட்பார்கள். இலக்கண விதி சொல்லாதீர்கள். பட்டி, படி இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். காது தானே பிடித்துக்கொள்ளும்.

*

மேலே இருவரும் எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். வட்டம் சாவது பெரும்பாலும் பேச்சில். ‘பட்டா யார் பேரில் இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, இரண்டு நொடி மௌனம் பொறுக்காமல் நடத்துபவரே நிலவுரிமை பற்றி இருபது நிமிடம் பேசிவிடுவார். கருத்து நல்லதுதான். ஆனால் வங்கியில் பணம் போடுவது போல ஆசிரியர் போட மாணவர் வாங்கி வைக்கும் கல்வி என்று ஃப்ரெய்ரே எதைச் சொன்னாரோ, அதுவேதான் இது. கேள்வியைச் சின்னதாக்குங்கள். பட்டாவை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள், எடுத்துக் காட்டச் சொன்னால் யாரைக் கேட்க வேண்டும்? இதற்குப் பெண்கள் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

பக்கத்து மாவட்டத்துச் சொற்பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டுவதும் இதே தப்பு. கடலோர ஊரில் ‘ஏர்’ என்று எழுதினால் யார் என்ன பேசுவார்கள்?

*

இதில் அரசியல் ஏன் வருகிறது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அன்றைய பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை கிடையாது, 1985-இல்தான் கிடைத்தது. ஆக, வட்டத்தில் கையெழுத்துப் போடப் பழகிய ஒவ்வொருவரும் ஒரு புது வாக்காளர். நாடெங்கும் 20,000 வட்டங்கள் தொடங்கும் திட்டம் இருந்தது. 1964 ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, திட்டம் நின்றது. ஃப்ரெய்ரே சுமார் 70 நாள் சிறையில் இருந்துவிட்டு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

*

அட்டை பற்றி ஒன்று விட்டுப்போனது. படிப்பவர் ‘டாபி’ என்று பொருளில்லாத ஒன்றைக் கோத்தால் உடனே அழிக்காதீர்கள். பலகையிலேயே இருக்கட்டும். அப்படி ஒரு சொல் உண்டா என்று வட்டத்தையே கேளுங்கள்; அவர்கள் சொன்ன பிறகு, கோத்தவரே எழுந்து வந்து அழிக்கட்டும்.